இங்கிலாந்துக் கிராமங்களின் இடைக்காலத் தேவாலயங்கள்: எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம்?

தேம்ஸ்கரை

எல்லோருக்கும் வணக்கம். கேன்டர்பரி, யார்க், டர்ஹம் என்று பெரிய கதீட்ரல்களைப் பார்த்தாகிவிட்டது. அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் டிக்கெட், கூட்டம், ஆடியோ கைடு என்று எல்லாம் முடிந்து வெளியே வரும்போது எதையும் நின்று பார்த்த திருப்தி இல்லை. ரயிலில் போகும்போது வயல்களுக்கு நடுவே ஒரு கல் கோபுரமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகளும் கடந்து போகின்றனவே, அந்தச் சின்ன சர்ச்சுகளுக்குள் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

யாராவது போயிருக்கிறீர்களா? கதவு திறந்திருக்குமா? நான் கிறிஸ்தவன் இல்லை, அதனால் ஏதாவது சங்கடம் வருமா? உள்ளே போனால் எதைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியவில்லை. எங்களிடம் கார் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் போய் வரும் இடமாக இருந்தால் நல்லது.

நார்விச்காரன்

தாராளமாகப் போகலாம். என்ன மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வார நாட்களில் பெரும்பாலும் உள்ளே ஆளே இருக்காது. பகல் முழுவதும் திறந்து வைத்திருக்கும் சர்ச்சுகள் ஏராளம். பூட்டியிருந்தால், வாசலில் உள்ள நோட்டீஸ் பலகையைப் பாருங்கள். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அந்த வீட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம். சாவி கொடுப்பவர் கூடவே நடந்து வந்து ஊர்க் கதையெல்லாம் சொல்வதும் உண்டு.

கதவைப் பற்றி ஒன்று. பெரிய இரும்பு வளையம் தொங்கும். அதைத் திருகினால்தான் உள்பக்கத் தாழ் மேலே எழும்பும். பலர் சும்மா தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நன்றாகத் திருகி, தோளைக் கொடுத்துத் தள்ளுங்கள். கோடையில் வெளியே கம்பிவலைக் கதவு இருந்தால் மறக்காமல் சாத்துங்கள். தகைவிலான் குருவி உள்ளே புகுந்துவிட்டால் வெளியே வர வழி தெரியாமல் செத்துப்போகும்.

எங்கள் நார்ஃபோக்கில் மட்டும் இடைக்கால சர்ச்சுகள் 600க்கும் மேல் நிற்கின்றன. ஊருக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது. சில ஊர்களில் இரண்டு இருக்கும். எல்லாம் கம்பளி வியாபாரம் கொடுத்த பணம். நாட்டிங்கம்ஷையரில் ஹோம் என்ற ஊரில் ஜான் பார்ட்டன் என்ற கம்பளி வியாபாரி தன் வீட்டு ஜன்னலில், கடவுளுக்கு நன்றி, ஆனால் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தது ஆடுதான் என்று பொருள்படும்படி இரண்டு வரிகள் எழுதி வைத்திருந்தார்.

இந்தப் பக்கத்தில் வட்டக் கோபுரங்களையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் வட்டக் கோபுர சர்ச்சுகளில் பெரும்பகுதி எங்கள் கவுன்டியில்தான். இங்கே நல்ல கட்டடக்கல் கிடையாது, கிடைப்பது சிக்கிமுக்கிக்கல். அதைக் கொண்டு சுவர் எழுப்பலாம், மூலை எடுப்பது கஷ்டம், அதனால் வட்டமாகக் கட்டினார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. கோபுரத்தை ஒட்டிய சர்ச்சுக்கு நாலு மூலை எடுத்தவர்களுக்குக் கோபுரத்துக்கு எடுக்கத் தெரியாதா என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

ஒரே ஒரு இடம் சொல் என்றால் ரான்வொர்த். 15ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய மரத்தடுப்பு ஒன்று அங்கே இருக்கிறது. மக்கள் நிற்கும் பகுதிக்கும் பலிபீடப் பகுதிக்கும் நடுவில் நிற்கும் தடுப்பு அது. கீழ்ப்பலகைகளில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் உடுத்தியிருக்கும் துணியின் பூவேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். அப்புறம் கோபுரத்தில் ஏறுங்கள். 89 படி, இரண்டு ஏணி, ஒரு மேல்கதவு. அதைத் திறந்து தலையை நீட்டினால் பிராட்ஸ் நீர்நிலைகள் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரியும். முட்டிவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம்.

கல்வெட்டுப்பிரியை

லண்டனிலிருந்து என்றால் என் ஓட்டு ஹார்ட்ஃபர்ட்ஷையரில் உள்ள ஆஷ்வெல்லுக்கு. கேம்பிரிட்ஜ் போகும் வழியில் 'ஆஷ்வெல் அண்ட் மார்டன்' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஊர் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர்.

செயின்ட் மேரி சர்ச்சின் கோபுரத்துக்கு அடியில், வடக்குச் சுவரில், யாரோ கூரான ஆணியாலோ கத்தியாலோ லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள். கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் வந்துபோன நேரம். 1350 என்று ஆண்டு போட்டு, பரிதாபம், கொடூரம், இதற்குச் சாட்சி சொல்ல மக்களில் கடைசித் தரம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 1361ஆம் ஆண்டு, புனித மவுருசின் நாளில் அடித்த பெரும் புயலைப் பற்றி ஒரு குறிப்பு. அந்தக் காலக் கணக்கில் ஆண்டு மார்ச்சில்தான் பிறக்கும், ஆகவே நம் கணக்குக்கு அது 1362 ஜனவரி.

மன்னனின் ஆணையோ, பிஷப்பின் கட்டளையோ இல்லை இது. செத்துப்போகாமல் தப்பித்த ஒருவர், தன்னையும் சேர்த்தே கடைசித் தரம் என்று சொல்லிக்கொள்கிறார். கொள்ளைநோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். இந்தச் சில வரிகளுக்கு முன்னால் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அதே சுவரில் ஒரு பெரிய தேவாலயத்தின் படமும் கீறப்பட்டிருக்கிறது. லண்டனின் பழைய செயின்ட் பால்ஸ் என்று கருதுகிறார்கள், 1666 பெருந்தீயில் போனதே, அதுதான். பார்க்க ஒரு வழி: கையில் டார்ச் கொண்டு போங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் நிழல் விழுந்து எழும்பி வரும். எந்த சர்ச்சிலும் இதைச் செய்து பாருங்கள். தூண்களில் காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூ கண்ணில் படும். கெட்டதை விரட்டப் போட்டது என்பார்கள். வெளியே, தெற்கு வாசலுக்குப் பக்கத்துக் கல்லில் ஒரு துளையும் அதிலிருந்து கதிர்போலப் பிரியும் கோடுகளும் இருந்தால், அது பூசை நேரம் பார்க்க வைத்த நிழற்கடிகாரம். துளையில் ஒரு குச்சி செருகியிருப்பார்கள்.

கீறல்களைத் தொடவோ, காகிதம் வைத்துத் தேய்க்கவோ வேண்டாம்.

சுண்ணாம்புச்சுவர்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வெறுமையைப் பாருங்கள் என்பேன். இன்று வெள்ளையாக நிற்கும் இந்தச் சுவர்களெல்லாம் 1500 வாக்கில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் படங்கள் நிறைந்து இருந்தவை. ஜன்னலெல்லாம் வண்ணக்கண்ணாடி. எட்டாம் ஹென்றி போப்பிடமிருந்து பிரிந்தபின், குறிப்பாக அவர் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில், சிலைகளை உடைத்து, படங்களின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். மரத்தடுப்பின் மேல் இருந்த மேடையும் அங்கே நின்ற பெரிய சிலுவையும் போயின. அந்த மேடைக்கு ஏறும் கல்படிகளை மட்டும் பல இடங்களில் யாரும் இடிக்கவில்லை. சுவருக்குள் ஒரு குறுகிய படிக்கட்டு ஏறி, பாதி உயரத்தில் வெறும் காற்றில் திறந்து முடிந்தால், அங்கே என்ன இருந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

அழிப்பதற்காக அடித்த அந்தச் சுண்ணாம்புதான் பல படங்களைக் காப்பாற்றியும் கொடுத்தது. சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற சின்ன ஊர். 1892இல் சர்ச்சைப் புதுப்பிக்கும்போது வெள்ளையடித்த பழைய பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை பெய்தது. வெள்ளை கரைந்து, அடியிலிருந்து இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியம் வெளியே வந்தது. இப்போது உள்ளேயே மாட்டியிருக்கிறார்கள். வானவில் மேல் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். தேவதூதர் மிக்கேல் தராசில் ஆத்துமாக்களை நிறுக்கிறார். தீர்ப்புக்கு வந்த எல்லோரும் அம்மணமாக நிற்கிறார்கள்; ராஜாவைக் கிரீடத்தையும் பிஷப்பை அவர் தொப்பியையும் வைத்துத்தான் அடையாளம் தெரிகிறது.

அந்தப் பலகையில் என்னைக் கட்டிப்போட்டது வண்ணம் இல்லாத இடங்கள். நடுவில் சிலுவை வடிவில் ஒரு வெற்றிடம், இரு பக்கமும் ஆள் உருவத்தில் வெற்றிடம். அங்கே மரச்சிற்பங்கள் பொருத்தியிருந்தார்கள், அதனால் ஓவியர் அந்த இடத்தில் தீட்டவே இல்லை. இயேசுவும் மரியாளும் யோவானும் நின்ற இடம் அப்படியே தெரிகிறது.

லண்டனுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் சரேயில் சால்டன். மேற்குச் சுவர் முழுக்க 1200 வாக்கில் தீட்டிய ஓவியம்: நடுவில் ஓர் ஏணி, ஆத்துமாக்கள் ஏறுவதும் விழுவதுமாக இருக்கின்றன. வட்டிக்காரர் நெருப்பில் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் 1870 வாக்கில்தான் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கிடைத்தது.

யாழ்தேவி

நான் ஆங்கிலிக்கன் குடும்பம். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலிருந்தே வெள்ளைச் சுவரும் ஒரு சிலுவையும் உள்ள கோயில்தான் எனக்குத் தெரிந்த கோயில். அதனால் சுண்ணாம்புச்சுவர் அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும் போல இருக்கிறது. அந்த வெள்ளையை வெறும் அழிவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. வேதத்தைச் சொந்தப் பாஷையில் கேட்க வேண்டும், படத்தைக் கும்பிடாமல் சொல்லைக் கேட்க வேண்டும் என்று நம்பிய ஆட்கள் அடித்த வெள்ளை அது. அந்த நம்பிக்கைக்காக, எட்வர்டுக்குப் பின் வந்த கத்தோலிக்க மேரி ராணியின் காலத்தில் உயிரோடு எரிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் உடைத்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வில்லியம் டவுசிங் என்றொருவர். உள்நாட்டுப் போர் நடந்த நேரம், 1643, 44இல், பாராளுமன்றத் தரப்பின் கட்டளையோடு கேம்பிரிட்ஜ்ஷையர், சஃபோக் முழுக்கச் சுற்றி, கோயில் கோயிலாக உடைப்பித்தார். எங்கே எத்தனை படம், எத்தனை சிலுவை என்று குறிப்பேடும் எழுதினார். உடைத்ததற்குக் கோயிலிடமே 6 ஷில்லிங் 8 பென்ஸ் கூலி வாங்கினார்.

அவர் 1644 ஏப்ரலில் சஃபோக்கில் உள்ள பிளைத்பரோவுக்கும் போனார். கூரையில் இருக்கும் சம்மனசுகளை, அதாவது தேவதூதர் சிற்பங்களை, இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். இறக்கவில்லை! இன்றைக்கும் நிமிர்ந்து பார்த்தால் மர சம்மனசுகள் சிறகை விரித்தபடி கூரை நடுவில் வரிசையாக நிற்கிறார்கள். உயரம் காரணமோ, ஊர்ச்சனத்துக்கு மனம் வரவில்லையோ, எனக்கு இரண்டாவதுதான் என்று நம்ப விருப்பம். டவுசிங்கின் ஆட்கள் சுட்ட குண்டு அவற்றில் இருக்கிறது என்று ஒரு கதையும் உண்டு. அது சரியில்லை. 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் வந்த காகங்களைச் சுட மருந்தும் ஈயமும் வாங்கிய செலவு கோயில் கணக்கில் இருக்கிறது.

அங்கே வடக்குக் கதவில் கருகிய தடங்கள் உண்டு. 1577 ஆகஸ்ட் 4, ஆராதனை நேரம் இடி விழுந்து கோபுரத்தின் கூம்பு சரிந்து, உள்ளே ஆட்கள் செத்தார்கள். கறுப்பு நாய் வடிவத்தில் பிசாசு வந்து கீறிவிட்டுப் போனது என்று ஊரில் கதைப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்தக் கதவை விட்டு நகர மாட்டார்கள்.

சுண்ணாம்புச்சுவர்

யாழ்தேவி அக்கா சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். அந்த நம்பிக்கையின் ஆழம் தெரியாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

ஹியர்ஃபோர்ட் மழை

யாரும் கில்பெக்கைச் சொல்லவில்லையே! கார் இல்லாமல் கஷ்டம்தான், ஹியர்ஃபோர்டிலிருந்து டாக்ஸி வைத்தாவது போங்கள். 1140 வாக்கில் கட்டிய சின்னஞ்சிறு சர்ச், சிவப்பு மணற்கல். தெற்கு வாசல் தூண்களில் கொடிகளுக்குள் சிக்கிய வீரர்கள், ஒன்றின் வாலை ஒன்று கவ்விய பாம்புகள், வளைவைச் சுற்றிப் பறவைகளும் வினோத விலங்குகளும். கிட்டத்தட்ட 900 வருடம் மழையில் நனைந்தும் பாம்பின் செதில்கூட மழுங்கவில்லை. அவ்வளவு உறுதியான கல்.

வாசலோடு நின்றுவிடாமல் கட்டடத்தை ஒரு சுற்று வாருங்கள். கூரையின் ஓரத்தைத் தாங்கும் முட்டுக்கல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். நாயும் முயலும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்க்கின்றன. ஒருவர் பிடில் வாசிக்கிறார். ஒரு பெண் தன் பிறப்புறுப்பை இரண்டு கையாலும் விரித்துக் காட்டுகிறாள். ஷீலா நா கிக் என்று அழைக்கிறார்கள். எதற்காகச் செதுக்கினார்கள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. காம இச்சைக்கு எச்சரிக்கை என்கிறார்கள் சிலர், பிள்ளைப்பேற்றுக்கான அடையாளம் என்கிறார்கள் சிலர். செதுக்கியவரின் பெயர் தெரியாது. அதே கைவண்ணம் சுற்று வட்டாரத்தில் இன்னும் சில சர்ச்சுகளிலும் தெரிகிறது.

ஒரு வருத்தம். எத்தனையோ சர்ச்சுகளை விக்டோரியா காலத்தவர்கள் புதுப்பிக்கிறோம் என்று கெடுத்துவிட்டார்கள். உள்பூச்சைச் சுரண்டி எடுத்து, பழைய பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே அச்சில் ஆக்கிவிட்டார்கள்.

நார்விச்காரன்

அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது நண்பரே. 1800களின் தொடக்கத்தில் பல சர்ச்சுகள் கூரை ஒழுகி, சுவர் பிளந்து கிடந்தன. விக்டோரியா காலத்தவர்கள் பணம் போடாமல் இருந்திருந்தால் நாம் இன்று இடிபாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

சுண்ணாம்புச்சுவர்

இரண்டும் உண்மைதான். ஆனால் சுரண்டியது பெரிய இழப்பு, ஏனென்றால் பூச்சோடு ஓவியமும் போய்விட்டது. என்ன போனது என்றே இனித் தெரியாது. இதைப் பொறுக்காமல்தான் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழையதைப் பழையபடி ஆக்குகிறேன் என்று கற்பனை செய்யாதே, அன்றாடம் பார்த்துப் பராமரி என்பதுதான் அவர்கள் கொள்கை. நான் வேலை கற்றதும் அந்தக் கொள்கையில்தான். பின்னாளில் வந்த சிமென்ட் இன்னொரு கேடு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று கல்லைத் தின்னும். சுவரில் இணைப்பு துருத்திக்கொண்டு, கல் மட்டும் குழிந்து போயிருந்தால் பெரும்பாலும் சிமென்ட்தான் காரணம்.

தேம்ஸ்கரை

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். இதையெல்லாம் பராமரிக்க அரசாங்கம்தானே பணம் கொடுக்கிறது?

யாழ்தேவி

இல்லைத் தம்பி. பிரான்சில் 1905க்கு முந்திய கோயில்களை ஊராட்சிதான் பார்க்க வேண்டும். இங்கே இங்கிலாந்துத் திருச்சபைக்கு சுமார் 16,000 கோயில்கள் உண்டு, ஒவ்வொன்றின் செலவும் அந்தந்தப் பங்கின், அதாவது அந்த ஊர்ச் சபையின், தலையில். சில ஊர்களில் ஞாயிறு ஆராதனைக்கு வருவதே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அதுவும் வயதானவர்கள். ஒரு போதகர் பல ஊர்களைப் பார்ப்பார். கேக் விற்று, பழைய புத்தகம் விற்றுத்தான் கூரைக்குக் காசு சேர்க்கிறார்கள். அதற்குள் கூரையின் ஈயத் தகட்டைக் கள்ளர் உரித்துக்கொண்டு போனால் என்ன செய்வது? பழுதுபார்ப்புக்குக் கட்டும் வாட் வரியைத் திருப்பிக் கொடுத்து வந்த திட்டத்துக்கும் 2025இல் ஒரு கோயிலுக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். பெரிய கூரை வேலைக்கு அது போதாமல் போனது.

ஆராதனை நின்றுபோன கோயில்களைப் பார்ப்பதற்கு 1969இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை இருக்கிறது, சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட். அவர்களிடம் 350க்கும் மேல். ஆகவே, போனால் உண்டியலில் காசு போடுங்கோ. கார்டு தட்டும் மெஷினும் சில இடங்களில் வந்துவிட்டது. வருகைப் புத்தகத்தில் பெயரும் எழுதுங்கோ. மானியம் கேட்கும்போது எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று காட்ட அது உதவும்.

கல்வெட்டுப்பிரியை

தமிழில் எழுதுங்கள்! எழுதிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் போடுங்கள், அவர்களுக்கும் புரியும்.

சுவர்களில் உள்ள நினைவுப் பலகைகளையும் விடாமல் வாசியுங்கள். மெட்ராஸ் என்ற பெயர் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட், அங்கே வாங்கிய பெரிய வைரத்தால் பேர்பெற்றவர், டார்செட்டில் பிளான்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி சர்ச்சில் புதைக்கப்பட்டிருக்கிறார். ஷ்ராப்ஷையரில் மோர்ட்டன் சே என்ற குக்கிராமத்தில் ராபர்ட் கிளைவ். ஆற்காட்டில் தொடங்கி அத்தனை சூறையாடியவருக்குக் கல்லறையில் அடையாளக்கல்கூட இல்லை, ஒரு பித்தளைத் தகடு மட்டும் சுவரில். வங்கத்துப் பஞ்சத்தையும் கர்நாடகப் போர்களையும் படித்துவிட்டு அங்கே போன எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பேன். இந்தக் கிராமங்களுக்கும் நம் ஊருக்கும் நடுவே பணம் எப்படிப் போனது என்று அந்த இடத்தில் நின்றால் தெரியும்.

தேம்ஸ்கரை

முதலில் ஆஷ்வெல், அடுத்து வென்ஹாஸ்டனும் பிளைத்பரோவும் என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசி இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? மனைவியும் பத்து வயது மகளும் வருகிறார்கள்.

யாழ்தேவி

முடியும். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து இப்ஸ்விச், அங்கே மாறி ஹேல்ஸ்வர்த். காலை வெள்ளனக் கிளம்புங்கோ. ஹேல்ஸ்வர்த்திலிருந்து வென்ஹாஸ்டன் கிட்ட, அங்கிருந்து பிளைத்பரோவும் அதிகத் தூரமில்லை. பிள்ளைக்கு நடக்கப் பஞ்சி என்றால் டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, ஸ்டேஷன் வாசலில் நிற்காது. ஞாயிறு காலை வேண்டாம், ஆராதனை இருக்கும். இருந்து கும்பிட விருப்பமென்றால் தாராளமாக வரலாம். கோடையிலும் உள்ளே சரியான குளிர், மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுங்கோ. டாய்லெட் எல்லா இடமும் இருக்காது, ஹேல்ஸ்வர்த்திலேயே பார்த்துக்கொள்ளுங்கோ.

நார்விச்காரன்

பிளைத்பரோவுக்கு ஒரு சின்னப் பைனாகுலர் கொண்டு போங்கள். சம்மனசுகளின் முகத்தில் பழைய வண்ணம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலரை முதலில் மகளிடம் கொடுங்கள்.